கறுப்பு மண் வருமுன் வண்டியை நிறுத்துங்கள்

கேள்வி:

எனக்குச் சொந்த ஊர் திருச்செங்கோடு. பல வருஷமாகப் போர்வெல் ரிக் வண்டியில்தான் பிழைப்பு. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, சத்தீஸ்கர் எல்லாம் சுற்றியாகிவிட்டது. இப்போது எங்கள் முதலாளி டான்சானியாவில் வேலை எடுத்திருக்கிறார். ஒரு ரிக் வண்டி, ஒரு பைப் லாரி, ஒரு பிக்கப் மூன்றும் தாருஸ்ஸலாம் துறைமுகத்தில் இறங்கிவிட்டன. நவம்பர் நடுவில் நான் போய்ப் பொறுப்பை ஏற்க வேண்டும். சிங்கிடா என்ற ஊரை மையமாக வைத்துச் சுற்றுப்பட்ட கிராமங்களில் துளை போடப் போகிறோம். கடைசிக் கிராமம் தார் ரோட்டிலிருந்து 150 கிலோமீட்டர் உள்ளே. ஆறு மணி நேரத்தில் போய்விடலாம் என்கிறார் முதலாளி. அந்தப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த நண்பன், ஆறு நாளும் ஆகலாம் என்கிறான். யாரை நம்புவது?

கரிசல் ரோடு எங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்த நாட்டுப் பாதை எப்படி இருக்கும், கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும், வண்டி சிக்கினால் என்ன செய்வது, மிருகம், திருடர் பயம் உண்டா என்று சொன்னால் உதவியாக இருக்கும். அம்மா இப்போதே சாப்பிடாமல் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

வாசகர், திருச்செங்கோடு

பதில்:

தம்பி, உங்கள் முதலாளி சொல்வதும் சரி, நண்பர் சொல்வதும் சரி. இருவரும் வேறு வேறு மாதங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதத்தில் அந்த 150 கிலோமீட்டரைப் பிக்கப் வண்டி ஆறு மணி நேரத்தில் கடந்துவிடும். ரிக் வண்டிக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். அதே பாதை ஜனவரியில் ஆறு நாள் கேட்டாலும் கேட்கும். சில வாரங்கள் யாரையும் விடாது. நீங்கள் போய் இறங்குவது நவம்பர் நடுவில் என்பதால், டயரையும் உதிரி பாகத்தையும் பேசுமுன் நாள்காட்டியைப் பேசியாக வேண்டும்.

டான்சானியாவின் வடக்கிலும் கடற்கரையிலும் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். நடுப்பகுதியான டொடோமா, சிங்கிடா, டபோரா வட்டாரங்களுக்கு ஒன்றுதான். நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். சிங்கிடாவில் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்கிறது. நம் தமிழ்நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. வறண்ட சீமைதானே, ரோடு காய்ந்துதான் கிடக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஆண்டு முழுமைக்குமான மழையை அந்த ஐந்து மாதத்துக்குள் வானம் கொட்டித் தீர்த்துவிடுகிறது, அதுவும் ஒரு மணி, இரண்டு மணி நேரப் பேய்மழையாக. மே முதல் அக்டோபர் வரை சொட்டு மழை இருக்காது. போர் போடுகிறவர்களுக்கு உகந்த காலம் அது. நீங்கள் அது முடிந்தபிறகு போகிறீர்கள்.

அதற்காக வேலையே ஓடாது என்று சொல்லவில்லை. எந்தக் கிராமத்துக்கு முதலில் போவது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது என்பதை மண்ணைப் பார்த்துத் தீர்மானியுங்கள் என்கிறேன். நான் இந்தப் பதிலில் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாங்கனிகா என்று அந்த நாடு அழைக்கப்பட்ட காலத்தில், அமானி ஆய்வு நிலையத்தில் ஜெஃப்ரி மில்ன் என்ற மண்ணியல் அறிஞர் இருந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் குன்றின் உச்சியிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை மண் ஒரே வரிசையில் மாறிக்கொண்டு வருவதையும், அடுத்த குன்றிலும் அதே வரிசை திரும்ப வருவதையும் கவனித்து 1935-இல் எழுதினார். உலகமெங்கும் மண்ணியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். லாரி ஓட்டுகிறவனுக்கும் அது மிகவும் பயன்படும். மேட்டில் கருங்கல் பாறை தலைகாட்டும். அதைச் சுற்றிச் செம்மண். கொஞ்சம் கீழே வந்தால் சாம்பல் நிற மணல். அடிப்பள்ளத்தில், மழைநீர் தேங்கும் இடத்தில், கறுப்புக் களிமண். அந்த ஊர்க்காரர்கள் அதை 'ம்புகா' என்பார்கள். சரிவு கண்ணுக்கே தெரியாது, சமவெளியில் போவதாகத்தான் நினைப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு கிராமத்துப் பாதையும் செம்மண், மணல், கறுப்பு, மறுபடி மணல், செம்மண் என்று ஏறி இறங்கித்தான் போகும். பாதையின் நீளம் 150 கிலோமீட்டராக இருந்தாலும், மழைக்காலத்தில் உங்களை நிறுத்தப் போவது அதற்குள் ஆங்காங்கே வரும் சில நூறு மீட்டர் கறுப்பு மண்தான்.

மரமும் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே வளரும் ஒருவகை முள்மரம் உண்டு. முள்ளின் அடியில் கறுத்த உருண்டைகள் வீங்கியிருக்கும், அவற்றுக்குள் எறும்புகள் குடியிருக்கும். காற்றடித்தால் அந்த உருண்டையில் உள்ள துளைகள் சீழ்க்கையடிக்கும். கறுப்புக் களிமண்ணை விரும்பி வளர்கிற மரம் அது. அந்த மரக்கூட்டம் கண்ணில் பட்டால் வண்டியை மேட்டிலேயே நிறுத்துங்கள். இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டுப் பிறகு வண்டியை எடுங்கள்.

சிங்கிடாவிலிருந்து இன்செகா போகும் தார் ரோட்டில் செகென்கே என்ற மலைச்சரிவு இறங்கும். கீழே வெம்பெரே சமவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். இப்போது உயர்த்திப் போட்ட தார் ரோடு இருப்பதால் பேருந்துகள் சிட்டாய்ப் பறக்கின்றன. தார் வருமுன் மழைக்காலத்தில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையாகக் காத்துக்கிடந்த இடம் அது. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியை ஓரங்கட்டி அந்தச் சமவெளியை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, ரிக்கைச் சிங்கிடாவிலேயே நிறுத்திவிட்டு, பிக்கப்பில் உள்ளூர் ஓட்டுநர் ஒருவரோடு எல்லாக் கிராமங்களுக்கும் போய் வாருங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் வழியில் எத்தனை கறுப்புப் பள்ளம், எத்தனை ஓடை என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மழை இன்னும் பிடிக்கவில்லை என்றால், பள்ளம் தாண்டிப் போகவேண்டிய கிராமங்களில் அருகில் உள்ளவற்றை உடனே முடியுங்கள். தார் ரோட்டை ஒட்டி மேட்டில் இருக்கும் செம்மண் கிராமங்களை ஜனவரி முதல் மார்ச் வரைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த 150 கிலோமீட்டர் கிராமத்தை மே மாதத்துக்குத் தள்ளுங்கள். முதலாளிக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். வரைபடத்தோடு எழுத்தில் கொடுங்கள். அச்சு வரை புதைந்த ரிக் மூன்று வாரம் நின்றால் என்ன செலவாகும் என்ற கணக்கையும் கூடவே எழுதுங்கள், ஒப்புக்கொள்வார்.

கரிசல் ரோடு புதிதல்ல என்கிறீர்கள். உண்மைதான், கோவில்பட்டிக் கரிசலும் மால்வாக் கரிசலும் இந்த ம்புகாவும் ஒரே இனத்து மண். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். களிமண்ணில் உள்ள மான்ட்மோரில்லனைட் என்ற தாது செய்கிற வேலை அது. டயரின் பள்ளங்களுக்குள் அப்பிக்கொண்டால் பட்டன் டயரும் வழுக்கை டயரும் ஒன்றுதான். மட்கார்டுக்குள் திரண்டு சக்கரத்தையே பூட்டிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வித்தியாசம் மண்ணில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. மால்வாவில் சிக்கினால் பக்கத்து வயலிலிருந்து டிராக்டர் வந்துவிடும், போன் போட்டால் சாயங்காலத்துக்குள் ஜேசிபி வரும். அங்கே நல்ல டிராக்டர் ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கலாம். கிராமத்தில் ஏர்மாடுகள் உண்டு. ஆனால் ரிக்கை அவற்றால் இழுக்க முடியாது.

மேலே காய்ந்து வெடித்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். கடப்பாரையை எடுத்துக் குத்திப் பாருங்கள். பெரிய சிரமம் இல்லாமல் ஓர் அடி இறங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது, ரிக் போகக் கூடாது. நல்ல வெயில் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் அடித்தால் தடம் இறுகும். அதுவரை மேட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருங்கள். தடத்துக்குப் பக்கத்தில் புல் பச்சையாகவும் தரை சமமாகவும் தெரியும். அந்தப் பக்கம் சுற்றிப் போகலாம் என்று மனம் சொல்லும். பலரும் புதைவது அங்கேதான். வண்டி ஓடி ஓடி இறுகிய தடம், பக்கத்து மண்ணைவிட எப்போதும் கெட்டி.

இனி செம்மண் பாதை. 'முரம்' என்று அங்கே சொல்லும் செம்மண் சரளையை நடு உயர்ந்து இருபுறமும் சரியும்படி இறுக்கிப் போட்டிருந்தால் அது நல்ல ரோடு. மழை பெய்ததும் மேலே மட்டும் வழுக்கும், சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஈரத்தில் ஓரத்துக்குப் போகாதீர்கள். நடு முதுகிலேயே மெதுவாக ஓட்டுங்கள், பின்பக்கம் ஒருமுறை சரிந்தால் வண்டி தானாக ஓரக் கால்வாய்க்குள் போய் உட்காரும்.

வெயில் காலத்தில் இந்த ரோட்டுக்கு இன்னொரு நோய் உண்டு. குறுக்கே அலையலையாக மேடும் பள்ளமும் வரிசை கட்டும், கூரைத் தகரம் மாதிரி. மூன்று ஆய்வாளர்கள் சுழலும் மணல் வட்டத்தின் மேல் ஒரு சக்கரத்தை உருள விட்டுப் பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். வண்டியின் ஸ்பிரிங்கோ எஞ்சினோ இதற்குக் காரணம் இல்லை. மிகக் குறைந்த ஒரு வேகத்தைத் தாண்டி எந்தச் சக்கரம் உருண்டாலும் மணலில் அலை எழும்பிவிடும் என்று கண்டார்கள். ஆகவே வாகனம் ஓடும்வரை இந்த அலையும் இருக்கும், கிரேடர் வந்து சீவினால் சில நாள் நிம்மதி.

உள்ளூர் பிக்கப் ஓட்டுநர்கள் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போய் அலைகளின் முகட்டை மட்டும் தொட்டுக்கொண்டு பறப்பார்கள். குலுக்கல் குறையும் என்பது நிஜம். ஆனால் சக்கரம் பாதி நேரம் தரையிலேயே இல்லை. பிரேக் பிடிக்காது, ஸ்டியரிங் கேட்காது. வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தால் முடிந்தது. பிக்கப்பிலும் இதைச் செய்யாதீர்கள். மாஸ்ட்டைப் படுக்கவைத்துக்கொண்டு தலைகனத்தோடு போகும் ரிக்கில் நினைத்தும் பார்க்காதீர்கள். ரிக்குக்கு 20 கிலோமீட்டர் வேகம் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி வண்டியைச் சுற்றி வாருங்கள். சக்கர நட்டு, யூ போல்ட், ஸ்பிரிங் பட்டை, பேட்டரிக் கட்டு, டீசல் டேங்க் பட்டை எல்லாவற்றையும் பாருங்கள். ஹப்பைப் புறங்கையால் தொட்டுச் சூடு பாருங்கள். ஹைட்ராலிக் ஹோஸ்கள் சட்டத்தில் உரசித் தேயும் இடங்களில் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள். ரிக்காரர்கள் பலரும் தவறவிடுவது இது. துளை போடும்போது வெடிக்கிற ஹோஸ், தேய்ந்தது ரோட்டில்தான்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர் ஃபில்டரைத் தினமும் உள்ளிருந்து வெளியே ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரசர் ஃபில்டரையும் மறக்க வேண்டாம். முன்னால் போகும் லாரியின் தூசிக்குள் நுழைந்து ஒருபோதும் முந்தாதீர்கள். எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது.

இதைவிட ஆபத்தான இடத்துக்கு வருகிறேன். பாலம் இல்லாத ஓடைகள். வெயிலில் வெறும் மணலாகக் கிடக்கும். 'கொரோங்கோ' என்பார்கள். சில இடங்களில் குறுக்கே தரையோடு ஒரு கான்கிரீட் தளம் மட்டும் போட்டிருப்பார்கள், தண்ணீர் அதன் மேலேயே ஓடும். உங்கள் தலைக்கு மேல் வெயில் காயும்போதே 40 கிலோமீட்டர் அப்பால் மேட்டில் பெய்த மழை இந்த ஓடையில் சுவராக வந்து இறங்கும்.

2021 டிசம்பர் 4 அன்று பக்கத்து நாடான கென்யாவில், ம்விங்கி அருகே என்சியு ஆற்றில் நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் போன தேவாலயப் பாடகர் குழுவும் உறவினரும் இருந்த பேருந்து. தரையோடு போட்ட பாலத்தின் மேல் செம்மண் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற ஊர்மக்கள் கண்ணெதிரே பேருந்து இறங்கியது, நடுவில் சாய்ந்தது, முழுகியது. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. அந்தக் காட்சி படமாகவும் இருக்கிறது. உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டுங்கள். வண்டி பெரியது, கனமானது, தாங்கும் என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது. ஓடும் தண்ணீர் ஓர் அடி உயரம் இருந்தால் கார் மிதக்கத் தொடங்கும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துவிடும். கனரக லாரி மிதக்காமல் நின்றாலும், தளத்தின் கீழ்ப்பக்க விளிம்பை வெள்ளம் அரித்துக் கொண்டுபோயிருந்தால் சக்கரம் அந்தரத்தில் இறங்கும். கலங்கிய தண்ணீரில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே ஓடுகிற தண்ணீர் தளத்தை மூடியிருந்தால் நில்லுங்கள். கரையில் ஒரு குச்சியை நட்டு வைத்துத் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா பாருங்கள். இந்த ஓடைகள் வந்த வேகத்தில் வடியும், பெரும்பாலும் சில மணி நேரம்தான். வடிந்தபிறகு ஆள் நடந்துபோய்த் தளம் முழுவதையும் காலால் தடவிப் பார்த்து வரட்டும். நிழலாக இருக்கிறதே என்று ஓடை மணலுக்குள் வண்டியை நிறுத்திச் சமைப்பதும், படுத்துத் தூங்குவதும் கூடவே கூடாது. மரப்பாலம் வந்தால் கீழே இறங்கி உத்தரங்களைப் பாருங்கள். பிக்கப் கடந்துவிட்டது என்பது ரிக்குக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சந்தேகம் இருந்தால் பைப்புகளை இறக்கித் தனியாகக் கொண்டுபோங்கள். ஒரு நாள் வீணாகும், போகட்டும்.

சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சும்மா சுற்றும் ஒவ்வொரு சுற்றும் வண்டியை இன்னும் ஆழத்துக்கு அனுப்புகிறது. எல்லோரும் இறங்கி, பாரத்தைக் குறைத்து, ஆக்ஸில் மண்ணில் உட்கார்ந்திருந்தால் அதைத் தோண்டி விடுவிக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டிக் கல், கிளை, பலகை போட வேண்டும். ஜாக்கி சேற்றில் இறங்கும், அதற்குக் கீழே வைக்க அகலமான கனத்த மரப்பலகை இரண்டு எப்போதும் வண்டியில் இருக்கட்டும். கம்பிக்கயிறு போட்டு இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்கு இருமடங்கு தூரத்தில் எல்லோரும் விலகி நிற்க வேண்டும். அறுந்த கயிறு கழுத்தை எடுத்துவிடும்.

மணலில் டயர் காற்றைக் குறைப்பது நல்ல வழி. பிக்கப் டயரில் 35 பிஎஸ்ஐ இருந்தால் 20 வரை இறக்கலாம், கெட்டித் தரைக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். லாரியில் அந்த அளவுக்கு இறக்காதீர்கள், கொஞ்சமாகக் குறைத்து நடை வேகத்தில் தாண்டுங்கள். ஒரு எச்சரிக்கை. கம்ப்ரசர்தான் கூடவே இருக்கிறதே என்று துளைபோடும் காற்றிலிருந்து நேரே டயருக்கு ஹோஸ் போட்டுவிடாதீர்கள். அதன் அழுத்தம் 300 பிஎஸ்ஐ-க்கு மேல், லாரி டயர் தாங்குவது 100, 120 அளவுக்குத்தான். டயர் குண்டாக வெடிக்கும். லாரியின் பிரேக் காற்றுத் தொட்டியிலிருந்து எடுத்து அடியுங்கள்.

தோண்டவும் தள்ளவும் ஊர் ஆட்கள் வருவார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாமல் இருபது பேர் வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் அது வேலை நாள்தான், மழைக்காலம் அவர்களுடைய விதைப்புக் காலமும்கூட. கிராமத் தலைவரைக் கேட்டு, கூலியை முன்னாலேயே பேசி, நியாயமாகக் கொடுத்துவிடுங்கள். சாப்பாடும் போடுங்கள்.

எடுத்துப் போகவேண்டியவை: டியூப் போட்ட டயரே நல்லது, கிராமத்து ஃபுண்டி, அதாவது மெக்கானிக், டியூபை எங்கும் ஒட்டிவிடுவார். மெயின் ஸ்பிரிங் பட்டை, யூ போல்ட், பெல்ட், டீசல் ஃபில்டர்கள், ஹைட்ராலிக் ஆயில். நம் நாட்டு லாரிக்கான பாகங்கள் தாருஸ்ஸலாமில் கிடைக்கும், சிங்கிடாவில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பீப்பாய் டீசல் வாங்கினால் ஒரு இரவு தெளியவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், அடியில் தண்ணீர் இருக்கும். மண்வெட்டி, கடப்பாரை, வெட்டுக்கத்தி, சங்கிலி. ஆள் ஒருவருக்கு 20 லிட்டர் குடிநீர். நான்கு நாளைக்குக் குறையாமல் அரிசி, பருப்பு. இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று. பைப் லாரியில் பைப்புகளின் மேல் ஆளை ஏற்றி உட்காரவைக்கும் பழக்கத்தைத் திருச்செங்கோட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். குலுங்குகிற ரோட்டில் கட்டு தளர்ந்து பைப் உருண்டால் மேலே இருப்பவன் பிழைக்கமாட்டான்.

மிருகம், திருடர் பயம் பற்றி. சிங்கத்தைவிட மாடும் கழுதையும் விளக்கில்லாத சைக்கிளும்தான் உங்களுக்கு ஆபத்து. அதனால் இருட்டியபின் ஓட்ட வேண்டாம். டான்சானியாவில் நீண்ட தூரப் பேருந்துகள் நள்ளிரவுக்குப் பின் ஓடக் கூடாது என்று 2023 வரை தடையே இருந்தது. ரோட்டில் இலையோடு வெட்டிய கிளைகள் வரிசையாகக் கிடந்தால், முன்னால் வண்டி பழுதாகி நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் வண்டி நின்றாலும் முக்கோணப் பலகையோடு கிளையும் போடுங்கள், புறப்படும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். திருட்டு என்று பார்த்தால் டீசல்தான் போகும். கிராமத்துக்குள் ஊர் அலுவலகம் பக்கமாக நிறுத்தி, காவலுக்கு உள்ளூர் ஆளையே வையுங்கள். டபோரா, கடாவி பக்கக் காடுகளுக்குப் போக நேர்ந்தால் செட்சீ ஈ கடிக்கும். நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள், வேறு நிறத்தில் உடுத்துங்கள். மலேரியாவுக்கு மருத்துவரிடம் முன்னதாகவே மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிப் பல வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு வந்தேன் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வழியில் விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டியிலிருந்தே தலையை நீட்டிக் கேட்காதீர்கள். இறங்கிப் பெரியவர்களுக்கு 'ஷிகாமூ' என்று வணக்கம் சொல்லிவிட்டு, நலம் விசாரித்துவிட்டு, பிறகு பேச்சை எடுங்கள். ரோடு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று நன்றாக இருக்கிறது என்பார்கள். நடந்து போகிறவருக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் அது உண்மையில் நல்ல ரோடாகவும் இருக்கும். இன்று லாரி ஏதாவது போனதா, பாரத்தோடு போனதா, எந்தப் பக்கம் மழை பெய்தது என்று கேளுங்கள். சரியான பதில் வரும். மணி சொல்லும்போதும் கவனம் தேவை. சுவாஹிலியில் விடியல் ஆறு மணியிலிருந்து எண்ணுவார்கள். இரண்டு மணி என்றால் நம் காலை எட்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இது எனக்கு மிகவும் முக்கியமானது. அந்த ரோடு உங்களுக்குச் சில மாதத் தொல்லை. அங்கே வாழ்கிறவர்களுக்கு இருக்கும் ஒரே பாதை அதுதான். எல்லாப் பருவத்திலும் வாகனம் ஓடும் சாலைக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் கிராமத்து மக்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உலக வங்கி முதன்முதலில் 2006-இல் கணக்குப் பார்த்தபோது, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தேறினார்கள். டான்சானியாவில் கிராம, நகரச் சாலைகளுக்கென்றே 2017-இல் டரூரா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பொறுப்பில் இருப்பது ஏறத்தாழ 1,44,000 கிலோமீட்டர், பெரும்பகுதி மண்பாதை. சரளை போட்ட ரோடு ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தைத் தூசியாகவும் மழையிலும் இழக்கிறது. எத்தனை கிரேடர் வைத்து, எவ்வளவு பணம் கொட்டிப் பராமரிப்பார்கள்?

அந்தப் பாதையில் ஈரத்தோடு ரிக்கை ஓட்டி இரண்டடி ஆழத்துக்குத் தடம் போட்டுவிட்டு நீங்கள் வந்துவிட்டால், அது காய்ந்து கல்லாகிவிடும். அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும் கார் அதே தடத்தில்தான் வர வேண்டும். எம்-மாமா என்ற திட்டத்தின்படி, ஆம்புலன்ஸ் இல்லாத இடங்களில் உள்ளூர்க் கார் ஓட்டுநர்களே கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். 2022-இல் அதை நாடு முழுமைக்கும் விரித்தார்கள். தாழ்வான சின்னக் கார்களும் அதில் ஓடும். ஊருக்குக் குடிநீர் கொடுக்கப் போன வண்டி, அந்தக் காரை நடுவழியில் நிறுத்திவிடக் கூடாது. உங்கள் வண்டி போட்ட தடத்தை ஆள் வைத்து மூடி, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, ஊர் நிர்வாகியிடம் சொல்லிவிட்டு வாருங்கள். இதற்கான கூலியை ஒப்பந்தத் தொகையிலேயே சேர்த்து எழுதும்படி முதலாளியிடம் கேளுங்கள். நோயாளி ஒருவரைப் பிக்கப்பில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி இரவில் கதவைத் தட்டுவார்கள். ராத்திரி ஓட்ட வேண்டாம் என்று நானே சொன்ன விதிக்கு இந்த ஒரு விலக்கு உண்டு. உறவினர் ஒருவரையும், வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரையும் கூட ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போங்கள்.

அம்மாவுக்கு. உள்கிராமங்களில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எனவே தினமும் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஒரு நாள் பேச முடியாமல் போனால் அவர் உயிர் போய்விடும். எந்தக் கிராமத்துக்குப் புறப்படுகிறீர்கள், எத்தனை நாள் தொடர்பு இருக்காது என்பதைத் தார் ரோட்டை விட்டு இறங்குமுன் சொல்லிவிடுங்கள். சிங்கிடாவில் உள்ள உங்கள் அலுவலக எண்ணையும், அதைக் கவனிக்கும் ஆளின் எண்ணையும் வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். சிக்னல் கிடைக்கும் நாள்களில் மாலைதோறும் நீங்கள் இருக்கும் இடம் அந்த ஆளுக்கும் தெரிய வேண்டும். சொன்ன நாளுக்குப் பிறகு இரண்டு நாள் தகவல் இல்லை என்றால் அவர் தேடி வண்டி அனுப்ப வேண்டும் என்று இப்போதே பேசிவையுங்கள். டான்சானியா நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அம்மா ஒன்பது மணிக்குப் படுப்பவர் என்றால், அங்கே ஆறரைக்குள் பேசிவிடுங்கள்.